வெள்ளி வட்டில் ஒரு மலை
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசணும். உத்தியோகத்தைப் பத்திப் பேசக் கூடாது. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னும் பேசக் கூடாது. அதைப் பேச வேற ஆள் இருக்காங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுகிறேன். நான் வெள்ளி வட்டுகள் சேர்ப்பவன். எல்லா வட்டும் அல்ல. மலை, பாறை, அருவி, பள்ளத்தாக்கு என்று இயற்கை அடையாளங்கள் பொறித்தவை மட்டும். சேர்ப்பதோடு விடுவதும் இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் மலை நிஜ மலைதானா, அல்லது வரைந்தவர் மனசில் இருந்த மலையா என்று பார்ப்பேன். என் வீட்டில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. அதை மேடையில் சொல்ல முடியாது.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தபோது பிடித்த பழக்கம் இது. ஆகவே என் உதாரணங்கள் பெரும்பாலும் அந்த ஊர் உதாரணங்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைச் சரி செய்துகொள்வோம். அட்சய திருதியைக்கு நகைக்கடையில் லட்சுமி படம் போட்ட வெள்ளிக் காசு வாங்குகிறோம். காசு என்று சொல்கிறோமே தவிர, அதைக் கொண்டுபோய் டீக்கடையில் நீட்டினால் டீ கிடைக்காது. அதை அரசு அடிக்கவில்லை. அதில் ரூபாய் மதிப்பும் இல்லை. எடையும் தூய்மையும்தான் அதன் மதிப்பு. அமெரிக்காவில் இதே மாதிரி தனியார் கம்பெனிகள் அடிக்கும் வட்டமான வெள்ளிக்கு 'ரவுண்டு' என்று பெயர். பெரும்பாலும் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் எடை இருக்கும். பாட்டி காலத்துக் கணக்கில் இரண்டே முக்கால் தோலாவுக்குச் சற்றுக் குறைவு. தூய்மை ஆயிரத்துக்கு 999 பங்கு. அரசு நாணயச்சாலை அடித்து, முகமதிப்பும் போட்டால்தான் அது நாணயம். நம்ம சென்னையில் தங்கசாலைத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அந்தத் தங்கசாலை என்பது நாணயம் அடிக்கும் சாலைதான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அமெரிக்க அரசு நாணயத்தில் ஒரு படம் வரவேண்டும் என்றால் வரைவுகளை இரண்டு குழுக்கள் பார்க்கின்றன. அதில் ஒன்று 2003-இல் அமைக்கப்பட்ட குடிமக்கள் நாணய ஆலோசனைக் குழு. மற்றொன்று நுண்கலை ஆணையம். தனியார் ரவுண்டுக்கு அப்படி யாரும் கிடையாது. முதலாளிக்குப் பிடித்தால் போதும், மறுநாள் அச்சு தயார். அதனால் மலைக்கு மூக்கு முளைத்தாலும் கேட்பாரில்லை. சரி, குழு பார்த்தால் மட்டும் பிழை வராதா என்றால், அதுவும் வருகிறது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

'பிழை' என்ற சொல்லை இந்தத் துறையில் இரண்டு பொருளில் சொல்வார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பினால் பணம் போய்விடும். மாணவர்கள் இதை மட்டும் குறித்துக்கொண்டால்கூடப் போதும்.

முதல் வகை, அடிக்கும்போது நேரும் பிழை. படம் சரியாக இருக்கும். இயந்திரமோ அச்சோ ஏமாற்றியிருக்கும். அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை எருமைக் காசு என்று ஒரு ஐந்து சென்ட் நாணயம் இருந்தது. ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசர் என்ற சிற்பி வடித்தது. எருமை என்று பெயரே தவிர, அதில் இருப்பது பைசன் என்ற காட்டு மாடு. 1937-இல் டென்வர் சாலையில் அச்சில் ஏற்பட்ட காயத்தைப் போக்க யாரோ அதை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார்கள். முன்னங்கால் ஒன்று காணாமல் போயிற்று. மூன்று கால் எருமை! இன்றைக்கும் சேகரிப்பவர்கள் அதற்குப் பெரிய விலை கொடுக்கிறார்கள். இன்று விற்கும் தனியார் வெள்ளி ரவுண்டுகளில் மிகவும் புழங்குவதும் ஃப்ரேசரின் அந்த உருவம்தான். அவற்றில் நாலு காலும் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று 1999 முதல் 2008 வரை மாநிலத்துக்கு ஒன்றாக வெளியிட்ட குவார்ட்டர் வரிசை. (பின் வரிசையில் ஏன் சிரிக்கிறீர்கள்? நான் சொல்வது கால் டாலர் நாணயம். நம் விடுதி வழக்கில் வரும் குவார்ட்டர் அல்ல.) 2004-இல் டென்வரில் அடித்த விஸ்கான்சின் மாநிலக் காசில் மக்காச்சோளக் கதிர் ஒன்று உண்டு. சில காசுகளில் மட்டும் அதன் பக்கத்தில் ஓர் இலை கூடுதலாக முளைத்திருந்தது. 2005-இல் வந்த கான்சாஸ் காசில் வேடிக்கை இன்னும் அதிகம். 'கடவுளை நம்புகிறோம்' என்ற பொருள்படும் வாசகத்தில், நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து இருக்கும் இடத்தில் அச்சில் கிரீஸ் அடைத்துக்கொண்டது. அந்த எழுத்து விழவில்லை. மிச்சமிருந்த எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் 'துரு' என்று பொருள். 'கடவுளில் துருப்பிடிக்கிறோம்' என்று படிக்கும்படி ஆகிவிட்டது.

இரண்டாவது வகை, வரைவிலேயே இருக்கும் பிழை. இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கும், படமே தப்பு. 1999-இல் வந்த ஜார்ஜியா மாநிலக் காசில் மாநிலத்தின் எல்லைக்கோட்டைப் போட்டு நடுவில் ஒரு பீச் பழத்தை வைத்தார்கள். வடமேற்கு மூலையில் டேட் என்று ஒரு மாவட்டம். எல்லைக்கோட்டில் அந்த மூலையையே காணோம்! 2013-இல் அயர்லாந்தின் மத்திய வங்கி எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் நினைவாகப் பத்து யூரோ வெள்ளி நாணயம் வெளியிட்டது. அதில் அவருடைய 'யுலிஸிஸ்' நாவலிலிருந்து ஒரு மேற்கோள். மூலத்தில் இல்லாத ஒரு சொல் அதில் கூடுதலாக நுழைந்துவிட்டது. சொல்லை எண்ணி எண்ணி வைத்த எழுத்தாளருக்கு இப்படி ஒரு நினைவுப் பரிசு!

இப்போது கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு கேள்வி. இந்த இரண்டு வகையில் எதற்கு விலை அதிகம்? முதல் வகைக்குத்தான். ஏனென்றால் அது சில காசுகளில் மட்டும் இருக்கிறது. வரைவுப் பிழை எல்லாக் காசிலும் இருக்கும். எல்லார் வீட்டிலும் இருப்பதற்கு யார் அதிக விலை கொடுப்பார்? ஜார்ஜியா காசில் மூலை இல்லை என்று சொல்லி யாராவது உங்களிடம் ஆயிரம் ரூபாய் கேட்டால், "ஐயா, மூலை உள்ள காசு ஒன்று காட்டுங்கள், அதற்கு வேணும்னா ஆயிரம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அப்படியானால் விலை இல்லாத பிழையைத் தேடி நான் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன்? நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால், எப்படித் தேடுவது என்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கைகொடுப்பவை நான்கு சோதனைகள்.

முதலாவது, இடம் வலம். நம் அலுவலக ரப்பர் ஸ்டாம்பை எடுத்துப் பாருங்கள். எழுத்து திரும்பி இருந்தால்தான் தாளில் நேராக விழும். காசு அடிக்கும் அச்சும் அப்படித்தான். மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், இடம் இருக்க வேண்டிய இடத்தில் வலம். இப்படி எல்லாமே தலைகீழாகப் புழங்கும் தொழிலில் ஒரு படம் திரும்பிப்போவது பெரிய அதிசயம் இல்லை. எழுத்து திரும்பினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மலை திரும்பினால் அந்த மலையைத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். கனடாக் கரையில் நின்று நயாகராவைப் பார்த்தால் அமெரிக்க அருவி இடது கைப் பக்கம், குதிரை லாட அருவி வலது கைப் பக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டு நயாகரா போட்ட எந்த ரவுண்டையும் சோதிக்கலாம்.

இதில் மிகப் பெரிய கூத்து வெள்ளியில் நடக்கவில்லை, தபால்தலையில் நடந்தது. 1999-இல் அமெரிக்கத் தபால் துறை கிராண்ட் கேன்யன் படம் போட்டு 60 சென்ட் தபால்தலை அச்சிட்டது. அந்தப் பள்ளத்தாக்கு இருப்பது அரிசோனா மாநிலத்தில். தலையில் அச்சானதோ 'கொலராடோ'. ஓடுகிற ஆற்றின் பெயர் கொலராடோ என்பதால் வந்த வினை. நல்லவேளை, விற்பனைக்குப் போகும் முன் கண்டுபிடித்து 10 கோடி தலைகளையும் அழித்தார்கள். பெயரைத் திருத்தி மறுபடி அச்சிட்டு 2000 ஜனவரியில் வெளியிட்டார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, புகைப்படமே இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது! எழுத்தைத் திருத்த அத்தனை பேர் உட்கார்ந்தார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தத் தலை அப்படியே விற்பனையானது.

இரண்டாவது, செடியும் உயிரும். பாலைவனம் என்றால் உடனே கைகளைத் தூக்கி நிற்கும் பெரிய கள்ளிச்செடி ஒன்றை வரைந்துவிடுவார்கள். அதன் பெயர் சாகுவாரோ. சோனோரா பாலைவனப் பகுதிக்கே உரியது அது. கிராண்ட் கேன்யனில் அது வளர்வதில்லை. 2008-இல் அரிசோனா காசுக்குக் கிராண்ட் கேன்யனும் வேண்டும், மாநிலத்தின் அடையாளமான சாகுவாரோவும் வேண்டும் என்று ஆயிற்று. என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே பள்ளத்தாக்கு, கீழே கள்ளி, இரண்டுக்கும் நடுவில் எழுத்துப் பட்டை ஒன்று. இவை இரண்டும் ஒரே காட்சி இல்லை என்று காட்டத்தான் அந்தப் பட்டை. எனக்கு அந்தக் காசின் மேல் தனி மரியாதை. படத்தில் பொய் வராமல் இருக்க ஒரு கோடு போதும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

மூன்றாவது, வானம். என்னிடம் ஒரு தனியார் ரவுண்டு இருக்கிறது. செங்கல் நிறப் பாறைகள் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டிய பாறைகள், மேலே பிறை, அந்தப் பிறையின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே நிலாவோடு ஒட்டி ஒரு நட்சத்திரம். பிறையின் இருண்ட பகுதியிலும் நிலா இருக்கத்தானே செய்கிறது? அந்த இடத்தில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்றால் நிலாவில் ஓட்டை இருக்க வேண்டும். சூரியனுக்கும் இதே விதி. எந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்தால், அதன் பின்னால் சூரியன் உதிக்குமா மறையுமா என்று தெரிந்துவிடும்.

நான்காவதுதான் மிக முக்கியம். பிழை என்று கத்துவதற்கு முன்னால், 'வரைந்தவர் எங்கே நின்று பார்த்தார்?' என்று கேட்க வேண்டும். இதற்கு ஓர் உதாரணம் விரிவாகச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி என்ற பள்ளத்தாக்கு. அங்கே ஹாஃப் டோம், அதாவது அரைக் குவிமாடம் என்ற கருங்கல் மலை. கடல் மட்டத்திலிருந்து 8,800 அடிக்கும் மேல் உயரம். ஒரு பக்கம் நம்ம ஊர் இட்லி மாதிரி உருண்டை. மறுபக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி செங்குத்து. அந்த வெட்டுமுகம் வடமேற்கைப் பார்த்து இருக்கிறது. பள்ளத்தாக்கின் தரையில் நின்று கிழக்கே பார்த்தால் வெட்டுமுகம் இடப்பக்கம், உருண்டை வலப்பக்கம். ஒரு தனியார் கம்பெனி, பெயர் வேண்டாம், யோசெமிட்டி ரவுண்டு ஒன்று விற்றது. வாங்கிப் பார்த்தால் வெட்டுமுகம் வலப்பக்கம் இருந்தது. சரி, பிடித்துவிட்டோம் என்று சொல்லலாமா? கூடாது. வடகிழக்கே ஆல்ம்ஸ்டெட் முனை என்ற இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நிஜமாகவே வெட்டுமுகம் வலப்பக்கம்தான். வரைந்தவர் அங்கே நின்றிருக்கலாம் அல்லவா?

அதனால் நான் படத்தின் மற்ற பகுதிகளைப் பார்த்தேன். ஹாஃப் டோம் தூரத்தில் நடுவில் இருந்தது. முன்னால் வலப்பக்கம் எல் கேபிடான் என்ற பெரும் பாறைச் சுவர், இடப்பக்கம் பிரைடல்வெய்ல் அருவி. இந்த மூன்றும் சேர்ந்து தெரியும் புகழ்பெற்ற இடம் டன்னல் வியூ. அங்கே நின்றால் எல் கேபிடான் இடப்பக்கம், அருவி வலப்பக்கம். எல் கேபிடான் பள்ளத்தாக்கின் வடகரை, அருவி தென்கரை. எல் கேபிடானை வலப்பக்கமும் அருவியை இடப்பக்கமும் காண வேண்டுமானால் மேற்கே திரும்பி நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஹாஃப் டோம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே அந்தப் படம் பூமியில் எந்த இடத்தில் நின்றாலும் தெரியாத காட்சி. இப்போது சொல்லலாம், பிழை என்று.

கம்பெனிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். படம் போட்டு, திசை குறித்து, விளக்கமாக. ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. கலைஞரின் சுதந்திரத்தை நாங்கள் மதிக்கிறோம்.' கூடவே அடுத்த வெளியீட்டுக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடிச் சீட்டு! அந்த ரவுண்டு அப்புறமும் அதே மாதிரிதான் விற்றுக்கொண்டிருந்தது.

கலைஞரின் சுதந்திரம் என்பது உண்மையான விஷயம்தான், நான் மறுக்கவில்லை. எல் கேபிடான் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 3,000 அடி எழுகிறது. அதை ஒரு காசின் மேல், நகத்தின் கனம்கூட இல்லாத மேட்டில் காட்ட வேண்டும். எதையாவது பெரிதாக்காமல், எதையாவது விட்டுவிடாமல் முடியாது. 2010-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட யெல்லோஸ்டோன் காசில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று பீறிட, முன்னால் ஒரு பைசன் நிற்கிறது. அந்தப் பைசன் அந்த நிமிஷம் அங்கே நின்றதா என்று நான் கேட்க மாட்டேன். அங்கே பைசன் உண்டு, ஊற்றும் உண்டு, நிற்கக்கூடியதுதான் நிற்கிறது. நடக்கக்கூடியதைச் சேர்த்துக் காட்டுவது சுதந்திரம். நடக்கவே முடியாததைக் காட்டிவிட்டு, அதன் கீழே இடத்தின் பெயரையும் போடுவது பிழை. என் அளவுகோல் அவ்வளவுதான்.

யெல்லோஸ்டோன் காசு வந்த வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-இல் போட்ட சட்டத்தின்படி, 2010 முதல் 2021 வரை தேசியப் பூங்காக்களையும் வரலாற்று இடங்களையும் போற்றி 56 காசுகள் வந்தன. அதே படங்களைத் தூய வெள்ளியில் ஐந்து அவுன்ஸ் எடையிலும் அடித்தார்கள். 155 கிராம், குறுக்களவு மூன்று அங்குலம். நம்ம ஊர் தட்டை ஒன்றைக் கையில் வைத்த மாதிரி இருக்கும். 2010-ஆம் ஆண்டு வரிசையில், முதலீட்டுக்கான வடிவில் ஒவ்வொன்றும் 33,000 மட்டுமே. நான் வாங்கிய முதல் பெரிய வட்டு கிராண்ட் கேன்யன். சும்மா ஒரு பள்ளத்தாக்கைப் போடாமல், நான்கோவீப் என்ற இடத்தில் பழங்குடி மக்கள் பாறையில் கட்டிய தானியக் குதிர்களையும் கீழே ஓடும் ஆற்றையும் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனால் அந்த இடத்தில் போய் நிற்கலாம். மவுண்ட் ஹூட் காசும் அப்படியே. லாஸ்ட் லேக் என்ற ஏரிக்கு அப்பால் தெரியும் மலை அது. நல்ல வரைவுக்கு அடையாளம் இதுதான்: எங்கே நின்றார் என்று சொல்ல முடியும்.

இப்போது முன்னே தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். விலை இல்லாத பிழையை ஏன் தேட வேண்டும்?

நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் கேனன் மலையில் 'மலைக் கிழவன்' என்று ஒரு பாறை இருந்தது. ஐந்து கருங்கல் அடுக்குகள். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் வைத்த கிழவர் முகம். சுமார் 40 அடி உயரம். அந்த மாநிலத்துக்கே அவர்தான் சின்னம். 2000-இல் அந்த மாநிலக் காசில் அவரைப் பொறித்தார்கள். 100 கோடிக்கும் மேல் காசுகள் அடித்தார்கள். சேகரிப்பவர்களுக்கு 90 சதவீத வெள்ளியிலும் வந்தது. தண்ணீர் பாறை இடுக்கில் புகுந்து உறைந்து உறைந்து பாறையை நெம்பிக்கொண்டே இருந்தது. இரும்புக் கம்பி போட்டுக் கட்டினார்கள், சிமென்ட் பூசினார்கள், பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்தார்கள். 2003 மே 3 அன்று கிழவர் சரிந்து விழுந்தார். காசு வந்து மூன்று வருஷம்கூட நிறையவில்லை.

இன்று அந்த மாநிலத்தில் பிறக்கும் குழந்தை மலைக் கிழவனை மலையில் பார்க்க முடியாது. புகைப்படத்தில் பார்க்கலாம், காசில் தடவிப் பார்க்கலாம். மலை போனது, காசு இருக்கிறது. பாறைதானே, எங்கே போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். யூட்டா மாநிலத்து ஆர்ச்சஸ் பூங்காவில் வால் ஆர்ச் என்ற கல்வளைவு 2008 ஆகஸ்டில் விழுந்தது. அதே பூங்காவின் டெலிகேட் ஆர்ச் 2014-இல் காசில் ஏறியது. அதுவும் மணற்கல்தான். மழையும் பனியும் அதையும் தின்றுகொண்டுதான் இருக்கின்றன.

வெள்ளி எளிதில் அழியாது. கறுக்கும், காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் கறுப்பது அதன் சுபாவம். கறுத்த வெள்ளியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பவரிடம் வாங்காதீர்கள், நீங்களும் தேய்க்காதீர்கள். தேய்த்தால் படத்தின் மெல்லிய கோடுகள் போய்விடும். கறுத்தாலும் படம் இருக்கும். ஆகவே வெள்ளியில் ஒரு மலையைப் பொறிப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். மலை இருக்கும்வரை அந்தச் சாட்சி தேவைப்படாது. மலை போன பிறகு அது ஒன்றுதான் பேசும். அப்போது அது இடம் வலம் மாற்றிப் பேசினால், 'இல்லையப்பா, இப்படி இல்லை' என்று திருத்த மலை வராது. அதற்காகத்தான் தேடுகிறேன்.

தம்பி தங்கைகளே, இதற்குப் பணம் அதிகம் வேண்டும் என்று பயப்படாதீர்கள். தேட வெள்ளியே வேண்டாம். உங்கள் பையில் இருக்கும் நோட்டு, காசு, வீட்டில் இருக்கும் காலண்டர், பஸ் நிலையத்துச் சுவரில் வரைந்த அருவி, எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். எங்கே நின்று பார்த்தது? எந்தத் திசை? அந்தச் செடி அங்கே வளருமா? இந்தக் கேள்விகளுக்குக் காசு கிடையாது. வெள்ளி வாங்க ஆரம்பித்தால் மட்டும் ஒன்று: முதலில் எடை, தூய்மை, அன்றைய வெள்ளி விலை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் சுமார் 50 டாலருக்கு ஏறியபோது, அழகழகான ரவுண்டுகளையும் பட்டைகளையும் மூட்டையாகக் கொண்டுபோய் உருக்கினார்கள். உருக்குகிறவர் படத்தைப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்ப்பார்.

கடைசியாக, நம் வீட்டு விஷயம். சங்கத்தின் ஆண்டு விழா நினைவாக நாமும் ஒரு வெள்ளி வட்டு அடிக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. ஒரு பக்கம் கல்லூரிச் சின்னம், மறுபக்கம் நம் மணிக்கூண்டும் அதன் பின்னால் குன்றும். நல்ல யோசனை. வரைவை எனக்கும் காட்டினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் குன்று நாங்கள் படித்தபோது பார்த்த முழுக் குன்று. பழைய மலர் ஒன்றின் அட்டையைப் பார்த்து வரைந்திருக்கிறார் ஓவியர். வெளியே போய்ப் பாருங்கள். கல்குவாரி தின்றது போக மிச்சம் இருப்பது தெற்குப் பாதி மட்டும். யோசெமிட்டியில் அரை மலையைச் செய்தது இயற்கை. இங்கே செய்தது வேறு யாரோ.

எந்தக் குன்றைப் பொறிப்பது? முழுக் குன்றைப் பொறித்தால் இன்று படிக்கும் பிள்ளைகள், 'இது எந்த ஊர்க் குன்று?' என்று கேட்பார்கள். அரைக் குன்றைப் பொறித்தால் எங்கள் வயசுக்காரர்களுக்கு மனசு தாங்காது. செயற்குழுவுக்கு என் யோசனை இது. முழுக் குன்றையே பொறியுங்கள். கீழே அந்த ஆண்டையும் பொறியுங்கள். எந்த ஆண்டில், எங்கே நின்று பார்த்த குன்று என்று இரண்டு வரி போதும். அரிசோனாக் காசில் இருந்த அந்தப் பட்டை மாதிரி, நம் வட்டிலும் அந்த இரண்டு வரி உண்மையைக் காப்பாற்றும். அத்தோடு இந்த ஆண்டே புவியியல் துறை மாணவர்கள் நாலு பேர் விடுதி மொட்டை மாடியில் நின்று, மிச்சமிருக்கும் குன்றைத் திசையோடும் அளவோடும் வரைந்து நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த வட்டு அடிப்பவர்களுக்கு அது உதவும். மிச்சப் பாதியைக் காப்பாற்றக் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதுகிறவர்களுக்கும் உதவும். அந்த மனுவில் முதல் கையெழுத்துப் போட நான் தயார்.

இருபது நிமிஷம் கேட்டார்கள், இருபத்தைந்து ஆகிவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் பெட்டியிலிருந்து பத்து வட்டுகளைப் பக்கத்து அறையில் மேஜை மேல் வைத்திருக்கிறேன், பூதக்கண்ணாடியும் இருக்கிறது. பத்தில் மூன்றில் பிழை உண்டு. எவை என்று நான் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கிறவர்கள் மாலை டிபனுக்கு முன் வந்து என்னிடம் சொல்லுங்கள்.